முயலம்மாவின் பதினொரு நாள்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது. முயலம்மா என்றால் வாசல் காவலாளி முதல் மேல்மாடி அதிகாரி வரைக்கும் தெரியும். அவளும் அதற்குப் பழகிப்போயிருந்தாள். ஒருமுறை யாரோ நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாளாம்.

காலை ஆறே முக்காலுக்கு உள்ளே போவாள். வெளிச் செருப்பைக் கழற்றி ரப்பர் காலணி மாட்டி, தலைக்குத் தொப்பி, உடம்புக்கு நீல அங்கி. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மூத்திர நெடியை வைத்தே, காற்றோட்ட விசிறி இரவெல்லாம் ஒழுங்காக ஓடியதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். முதலில் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது. பிறகு கூண்டு கூண்டாக நகர்வது. தண்ணீர்ப் புட்டியின் முனையில் விரலை வைத்து ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் முயல் கத்தாது. தாகத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கும். அடித்தட்டை உருவிப் புழுக்கையைப் பார்க்க வேண்டும். உருண்டையாக, உலர்ந்து, நிறைய இருந்தால் நல்லது. சின்னதாகிவிட்டால் வயிற்றில் ஏதோ கோளாறு. ஒரு நாள் முழுக்கத் தின்னாத முயல் மறுநாள் தேறுவது கஷ்டம். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பத்தொன்பது வருஷம் கூடவே இருந்து தெரிந்துகொண்டது.

கண் மை, உதட்டுச் சாயம், முகத்துக்குக் களிம்பு, தலைக்கு ஷாம்பு என்று கம்பெனிகள் அனுப்புவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மனிதர் கண்ணில் பட்டால் எரியுமா, தோலில் பட்டால் தடிக்குமா என்று முதலில் முயலின்மேல் போட்டுப் பார்ப்பார்கள். தலை மட்டும் வெளியே தெரிகிற பெட்டியில் முயலை வைத்து ஒரு கண்ணில் ஒரு சொட்டு. மறு கண்ணைச் சும்மா விட்டுவிடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. சொட்டு விடுவது வெள்ளைக் கோட்டுக்காரர்கள். பிடித்துக்கொள்வது முயலம்மா.

இதெல்லாம் முன்பு. கொஞ்ச வருஷமாகவே வரத்து குறைந்துகொண்டு வந்தது. கடைக்கு வருகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதில் மிருகக் கொழுப்பு இருக்கிறதா, தேன்மெழுகு இருக்கிறதா, பூச்சியை அரைத்து எடுத்த சிவப்பு இருக்கிறதா, ஏதாவது உயிரை வதைத்துப் பார்த்தார்களா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு கம்பெனியாக நழுவியது. நான்கு அறை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கூட வேலை பார்த்த மூன்று பெண்களும் வேறு வேலை தேடிப் போனார்கள். முயலம்மாவும் முப்பத்தேழு முயல்களும் மிஞ்சினார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அந்த அறைக்கு வந்தார். அவர் அங்கே காலடி வைத்து வருஷக்கணக்காகிறது. அங்கியை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"உக்காருங்க சார்" என்று கவிழ்த்துப் போட்டிருந்த வாளியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"இந்த அறைய மூடுறோம் முயலம்மா. மேலேருந்து முடிவு வந்துடுச்சு."

"சரி சார்."

"விலங்கு மேல போட்டுப் பாத்தோம்னு தெரிஞ்சா சரக்கே விக்க மாட்டேங்குதாம். சந்தை அப்படி ஆயிடுச்சு. இனிமே யாரும் நம்மகிட்ட கேக்கப் போறதில்ல."

"தெரியும் சார். எம் பொண்ணு அந்த மாதிரிக் கடையிலதான் வேலை பாக்குறா."

மேலாளர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூண்டு வரிசைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இவங்க என்ன சார் ஆவாங்க?" என்று முயலம்மா கேட்டாள்.

"மிருக டாக்டர் வருவார். வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளி?"

"வர்றது இல்ல, அடுத்தது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊசிதான். வலியெல்லாம் இருக்காது."

"எனக்குத் தெரியும் சார். நான்தானே பிடிச்சுக்குவேன்."

அவர் போன பிறகு அவள் மிச்சமிருந்த பதினாறு தட்டுகளையும் கழுவினாள். கழுவி முடித்து நோட்டில் எழுதப் போனால், காலையில் எழுதிய வெப்பநிலையையே மறுபடி எழுதி வைத்திருந்தாள். அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

*

அவள் வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விடியுமுன் எழுந்து ஊர் முழுக்கக் கடைகளுக்கு ரொட்டி இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் மாலைச் சமையல் அவர் பொறுப்பு. அன்றைக்கு சூப் வைத்திருந்தார். மகள் வந்ததும் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். முயலம்மா சேதியைச் சொன்னாள்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். இருபத்துமூன்று வயது. பெரிய கடைத்தெருவில் ஒரு அழகுசாதனக் கடையில் விற்பனை செய்கிறாள். கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் முயல் படம் போட்ட முத்திரை இருக்கும்: எந்த உயிரையும் வதைக்காமல் செய்தது என்று அதற்கு அர்த்தம். அங்கே சேர்ந்த மூன்று வருஷமாக, தன் அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

"அப்பாடா" என்றாள் மகள். "இனிமே நான் பொய் சொல்ல வேண்டாம்."

அப்பா, "சூப் ஆறுது" என்றார்.

"முயலுங்கள என்ன பண்ணுவாங்க?"

முயலம்மா ரொட்டியைப் பிய்த்தாள். பிய்த்ததைச் சூப்பில் போடாமல் தட்டிலேயே வைத்தாள்.

மகளுக்குப் புரிந்துவிட்டது. "முப்பத்தேழுமா?"

"முப்பத்தேழும்."

"நீயும் சும்மா இருக்கப்போற. இத்தன வருஷம் பிடிச்சுக்கிட்ட மாதிரி இதுக்கும் பிடிச்சுக்கப்போற."

"ஏய்" என்றார் அப்பா.

"அவ கேக்கட்டும்" என்றாள் முயலம்மா. குரல் உயரவில்லை. "ஆமா, நான்தான் பிடிச்சேன். நல்லா பிடிச்சேன். முயலுக்குப் பின்னங்கால் பலம் ஜாஸ்தி. பயந்து உதறிச்சுன்னா அதோட முதுகு அதுவே ஒடிஞ்சிரும். பத்தொன்பது வருஷத்துல என் கையில ஒண்ணுக்குக்கூட முதுகு ஒடிஞ்சதில்ல. நான் போகலன்னா வேற யாராவது பிடிச்சிருப்பாங்க. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. அது போதாதுன்னு எனக்கும் தெரியும். தெரியாதுன்னா நெனச்ச?"

மகள் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"அம்மா. யாருக்காவது குடுத்துட முடியாதா?"

"அதத்தான் பஸ்ஸுல வர்றப்ப யோசிச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள் முயலம்மா.

*

மறுநாள் அவள் மேலாளர் அறைக்குப் போனாள். நீல அங்கியோடு அந்த மாடிக்குப் போகக் கூடாது என்பது விதி. அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சுற்றறிக்கை வந்துச்சு சார். ஆரோக்கியமா இருக்கிற மிருகத்த டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போட்டா வெளிய வளக்கக் குடுக்கலாம்னு. எங்க நாலு பேர்கிட்டயும் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினீங்க."

"அது இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் பண்ணினதில்ல."

"யாரும் கேட்டதில்ல சார்."

"முயலம்மா, வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. இன்ன இடத்து முயல்னு நாலு பேர் படம் எடுத்துப் போடுவாங்க. கம்பெனி பேர் நாறிப்போகும்."

"முப்பத்தேழயும் ஊசி போட்டோம்னு தெரிஞ்சா?"

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு காலத்தில் சொட்டு விட்ட வெள்ளைக் கோட்டுக்காரர்களில் அவரும் ஒருவர். நாலு வருஷத்தில் மாடி வேலைக்கு மாறிப்போனார். ஏன் மாறினார் என்று முயலம்மாவுக்குத் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"கம்பெனி பேர் எந்த நோட்டீஸ்லயும் வரக் கூடாது" என்றார் கடைசியில். "எடுத்துட்டுப் போறவங்க ஒவ்வொருத்தரும் வளக்க வாங்கிக்கிட்டோம்னு எழுதிக் குடுக்கணும். எல்லாம் அடுத்த வார வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடியணும். வியாழன் அஞ்சு மணிக்கு மிச்சம் இருக்கிறது, மிச்சம்தான். என்னால தள்ளிப்போட முடியாது."

"போதும் சார்."

"ஒரு வாரத்துல முப்பத்தேழு வீடு எங்க இருந்து பிடிப்பீங்க?"

"அது தெரியல சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் புதன்கிழமை வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பல், காது, நகம், வயிறு. முப்பத்தேழும் தேறிவிட்டன. ஆனால் மூன்றுக்கு ஒரு கண் பால் விழுந்த மாதிரி மங்கிப்போயிருந்தது. பழைய சோதனையில் தப்பித்தவை; புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வைத்திருந்தார்கள். இன்னொன்று பெரிய ஆண், எல்லோரையும் கடிக்கும். அதற்கு ரவுடி என்று பெயர்.

"இந்த நாலையும் யாரு எடுப்பா?" என்று டாக்டர் கேட்டார்.

"மொதல்ல மத்ததப் பாப்போம்" என்றாள்.

*

அன்று சாயங்காலம் மகள் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். மூன்று வருஷத்தில் முயலம்மா அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. கடைக்குப் பக்கத்தில் வந்ததும் மகள் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு அம்மாவின் சட்டைக் காலரையும் சரிசெய்தாள்.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டை குட்டையாக, கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி விட்டிருந்தார். மகள் நேராகப் போய் நின்றாள்.

"அக்கா, இது எங்க அம்மா. ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்கன்னு சொன்னேன்ல, அது பொய். முயல வச்சு சோதனை பண்ற எடத்துல வேலை பாக்குறாங்க. பத்தொன்பது வருஷமா."

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தி கையில் எடுத்த டப்பாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு முயலம்மாவைப் பார்த்தார். கோபம்தான். மறைக்க முயலவில்லை.

"மூணு வருஷமா எங்கிட்ட பொய் சொன்னியா?"

"சொன்னேன்."

"எதுக்கு இப்ப உண்மையச் சொல்ற?"

மகள் விஷயத்தைச் சொன்னாள். கடைக்காரம்மா கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முயலம்மா அதற்குள் சுவரில் மாட்டியிருந்த பெரிய முயல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"இது காட்டு முயலுங்க. எங்களுது வெள்ள. கண்ணு செவப்பு. இவ்வளவு தாவாது, எடம் கிடையாது."

கடைக்காரம்மாவும் திரும்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு, "பத்து வருஷமா அந்தப் படத்த மாட்டி வச்சிருக்கேன்" என்றார். "நெசமான முயல ஒரு நாளும் தொட்டதில்ல. முயல் என்ன திங்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"காஞ்ச புல்லுதாங்க முக்கியம். எல்லாரும் கேரட்டுன்னு நெனச்சுக்குவாங்க."

"கடைக்குப் பின்னாடி புல்தரை இருக்கு. சுத்திச் சுவர். ஞாயித்துக்கிழமை கொண்டாந்து வைக்கிறீங்களா? வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் நான் சொல்லி அனுப்புறேன்." சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்."

"சரிக்கா."

"ஒரு விஷயம்" என்றாள் முயலம்மா. "கேக்குறவங்களுக்கெல்லாம் குடுக்க மாட்டேன். நான் நாலு கேள்வி கேப்பேன். பதில் சரியில்லன்னா இல்லதான்."

"என் வாடிக்கைக்காரங்களயா?"

"யாரா இருந்தாலும்."

கடைக்காரம்மாவுக்கு அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வண்டியில் முயல்கள் ஏறின. வண்டி முழுக்க ரொட்டித் தட்டு வைக்கும் அடுக்குகள்தானே, அளவெடுத்துச் செய்தது போலக் கூடைகள் உட்கார்ந்தன. மங்கல் கண் மூன்றையும் ரவுடியையும் விட்டுவிட்டு முப்பத்துமூன்று. வீட்டுக்காரர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

"என்னங்க, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றாள் அவள்.

"ரொட்டி நசுங்கினா திட்டு மட்டுந்தான் விழும். இது நசுங்கினா நீ என்ன உயிரோட விடுவியா?"

கடைக்குப் பின்புறம் புல்தரை பச்சையாக, முந்தின நாள் மழையில் நனைந்து கிடந்தது. முயலம்மா ஒரு பெண் முயலை முதலில் தூக்கினாள். ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி. குனிந்து புல்லில் விட்டாள்.

அது அசையவில்லை. கம்பித் தரையைத் தவிர எதையும் மிதித்ததில்லை. மூக்கு மட்டும் ஓயாமல் அசைந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி உதறியது. இரண்டடி போயிற்று. நின்றது. பிறகு திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்ப, உடம்பை அந்தரத்தில் முறுக்கி ஒரு உதறு உதறி விழுந்தது. மறுபடி எழும்பியது.

முயலம்மா ஓடினாள். "வலிப்பு வந்துடுச்சு, வலிப்பு" என்று மண்டிபோட்டு அதைப் பிடிக்கப் போனாள். அது கையில் அகப்படாமல் சுற்றி ஓடி வந்து இன்னொரு தரம் துள்ளியது.

பக்கத்தில் நின்ற டாக்டர் அவள் தோளைத் தொட்டார். விடுமுறை நாளாயிருந்தும் தானாக வந்திருந்தார். "வலிப்பு இல்ல முயலம்மா. சந்தோஷமா இருந்தா அப்படித்தான் குதிக்கும்."

அவள் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பத்தொன்பது வருஷம் டாக்டர்" என்றாள். "இவங்களப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இத நான் பாத்ததே இல்ல."

மகள் பக்கத்தில் வந்து அவளை எழுப்பிவிட்டாள். பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். அந்தக் கையை அப்புறம் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பதினோரு மணிக்கு வரிசை கடையைச் சுற்றித் தெருவுக்குப் போய்விட்டது. முயலம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், நாய் உண்டா, தரை வழுக்குமா, மின் கம்பி எங்கே ஓடுகிறது, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களை விசாரிப்பது போல விசாரித்தாள். ஒருவர் தனக்கு ஆண் ஒன்று பெண் ஒன்று வேண்டும் என்றார்.

"தர்றேன். ஆறு மாசம் கழிச்சு வீட்ட அவங்களுக்கு எழுதி வச்சுட்டு நீங்க வெளிய வந்துடுவீங்களா?" என்று கேட்டாள். வரிசை சிரித்தது. அவர் இரண்டு பெண் முயல்களை எடுத்துக்கொண்டு போனார்.

வரிசையில் ஒரு உயரமான பெண்மணியின் முறை வந்தது. அவர் உட்காரவில்லை.

"நீங்கதான் இதுங்களச் சித்திரவதை பண்ணினவங்களா?"

வீட்டுக்காரர் வண்டிக் கதவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். முயலம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகள் நடுவில் வந்து நின்றாள்.

"அது எங்க அம்மா" என்றாள். "அங்க வேலை பாத்தாங்க. நான் அத மூணு வருஷம் மறைச்சேன். இந்தக் கடையில நான் எவ்வளவு வித்தேன், எத்தன பேருக்கு விளக்கம் சொன்னேன். ஆனா ஒரு முயலக் காப்பாத்தினதில்ல. இவங்க போன வாரம் மாடி ஏறிப் போய்க் கேட்டாங்க. அதனாலதான் இங்க முப்பத்துமூணு முயல் நிக்குது. நீங்க கேளுங்க, அவங்க பதில் சொல்வாங்க. ஆனா மரியாதையா கேளுங்க."

பெண்மணியின் முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்தார். முயலம்மா வழக்கமான கேள்விகளையே கேட்டாள். நாலாவது மாடி, வேட்டை நாய் ஒன்று, பகலில் யாரும் இல்லை.

"மன்னிச்சுக்கங்க, உங்களுக்குத் தர முடியாது" என்றாள் முயலம்மா.

"எனக்கா?"

"உங்க மேல கோபமில்லீங்க. நீங்க கேட்டது நியாயமான கேள்வி. ஆனா அந்த நாய் இருக்கே."

அன்று சாயங்காலம் கூடைகளை எண்ணிப் பார்த்தபோது இருபத்திரண்டு காலியாக இருந்தன. கடையிலும் அன்றைக்குப் போல் ஒரு நாளும் கூட்டம் வந்ததில்லையாம். கடைக்காரம்மா, பேசிக்கொள்கிறேன் என்று மகளிடம் சொன்னதை மறந்துவிட்டார். அல்லது மறந்தது போல இருந்துவிட்டார்.

*

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒன்றும் இரண்டுமாகப் போயின. மகள் கடை முடிந்ததும் தொலைபேசியில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் தான் ரொட்டி போடும் கடைகளிலெல்லாம் சொல்லி வைத்தார். ஒரு மளிகைக்காரர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, புதிதாகக் கல்யாணமான ஜோடி. முயலம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் தானே வண்டியில் போய் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினாள். இரண்டு வீட்டில் இறக்காமல் திரும்பிக் கொண்டுவந்தாள்.

"இன்னும் ஒரு நாள்தான் இருக்கு, இப்பப் போய் இவ்வளவு பாக்கணுமா?" என்று மகள் கேட்டாள்.

"கூண்டுலேருந்து எடுத்து இன்னொரு கூண்டுல போடுறதுக்கா இவ்வளவு அலையிறோம்?" என்றாள் அவள். மகள் அடுத்த எண்ணைப் போட்டாள்.

வியாழன் காலையில் நான்கு மிச்சம். டாக்டர் பரிசோதித்த அன்றே சொன்ன அந்த நான்கு.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு வாசல் காவலாளி உள்பேசியில் கூப்பிட்டார். "முயலம்மா, ரெண்டு பேர் வந்திருக்காங்க. உங்களத்தான் கேக்குறாங்க."

வாசலில் ஞாயிற்றுக்கிழமை வந்த உயரமான பெண்மணி நின்றார். கூடவே அவரைப் போலவே உயரமாக, இன்னும் வயதான ஒருவர், சேறு படிந்த காலணியோடு.

"எங்க அக்கா" என்றார் பெண்மணி. "செடி வளர்த்து விக்கிறா. ஊருக்கு வெளிய வீடு, சுத்தி வேலி. நாய் கிடையாது. யாரும் எடுக்காத முயல் இருக்குன்னு உங்க பொண்ணு சொன்னா. தரை, கம்பி எல்லாம் படம் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். கேளுங்க உங்க கேள்விய."

முயலம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒரு கண்ணு தெரியாது மூணுக்கும்" என்றாள் அக்காவிடம்.

"எனக்கும் ஒரு காது கேக்காது" என்றார் அவர். "சத்தமாச் சொல்லுங்க, எப்படிப் பாத்துக்கணும்னு."

முயலம்மா சத்தமாகச் சொன்னாள். கண் தெரியாத பக்கத்திலிருந்து தொடக் கூடாது, பயந்துவிடும். முதலில் குரல் கொடுக்க வேண்டும். சாமான்களை இடம் மாற்றக் கூடாது. சொல்லச் சொல்ல உயரமான தங்கை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். கூடையை வண்டியில் ஏற்றிய பிறகு திரும்பி வந்து முயலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மேலாளர் வந்தபோது அறையில் ரவுடி மட்டும்தான் இருந்தான். முயலம்மா அவனைத் தூக்கிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையுறையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

"இது யாருக்கு?" என்று மேலாளர் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு சார். எழுதிக் குடுத்துட்டேன், காகிதம் மேஜ மேல இருக்கு."

மேலாளர் காகிதத்தை எடுத்துப் படித்தார். அங்கேயே, கூண்டின் மேல் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

வாசலில் ரொட்டி வண்டியோடு காத்திருந்த வீட்டுக்காரர் கூடையை வாங்கி எட்டிப் பார்த்தார். "கடிக்குமாமே."

"கடிக்கும்."

"வீட்ல ஏற்கெனவே ரெண்டு பேர் என்னக் கடிக்கிறீங்க. மூணாவதா வந்துட்டான். வாடா."

*

வெள்ளிக்கிழமை டாக்டர் பையோடு வந்தார். முப்பத்தேழு கூண்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தாளில், இருப்பு என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டு, கையெழுத்திட்டு, தேதியையும் எழுதினார். பையைத் திறக்கவே இல்லை. "இந்த மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வந்ததே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முயலம்மா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குக் கடைசி நாள். யாரோ வாசலில் நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள். மூன்றாம் மாடியில் தோல் வளர்க்கும் பிரிவு என்று ஒன்று புதிதாக வந்திருந்தது, அதன் தலைவி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் அவளுடைய வெப்பநிலை நோட்டுகள், ஒரு அடுக்கு.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளும் விடல. ஞாயித்துக்கிழமைகூட. ஒரு எடத்துல தப்பா எழுதி அடிச்சிருக்கீங்க. அதுலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அன்னைக்கு மனசு சரியில்லம்மா."

தலைவி சிரித்தாள். "ஆஸ்பத்திரியில ஆபரேஷன்ல வெட்டி எடுக்குற மனுசத் தோல, நோயாளிகிட்ட சம்மதம் வாங்கிக் குடுப்பாங்க. அதுலேருந்து சின்னச் சின்ன வட்டமா தோல் வளக்குறோம். இனிமே களிம்ப அது மேலதான் போட்டுப் பாப்பாங்க. ஆனா அதுக்கு தினமும் தவறாம ஊட்டம் மாத்தணும். எங்க பசங்க நல்லாப் படிச்சவங்கதான். திங்கக்கிழமை வந்து பாத்தா பாதி செத்துக் கெடக்கு. ஒருத்தரும் கவனிக்கிறதில்ல. நீங்க வர்றீங்களா?"

முயலம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நான் படிக்காதவ."

"கத்துக்குடுக்குறேன்."

"அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காது. நரம்பே கிடையாது."

"அப்ப வர்றேன்" என்றாள்.

*

மூன்று மாதம் ஆயிற்று. மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முயலம்மா உட்கார்ந்து, ஆறாறு குழியாக இருக்கும் தட்டுகளில் வளரும் தோல் வட்டங்களுக்கு ஊட்டம் மாற்றுகிறாள். அந்த ஊட்டத் திரவம் இளஞ்சிவப்பு. கெட ஆரம்பித்தால் மஞ்சளாகத் திரும்பும். மற்றவர்களுக்கு மஞ்சளான பிறகு தெரியும். அவளுக்கு அதற்கு முன்பே, சிவப்பு கொஞ்சம் சோர்ந்தாற்போல் ஆகும்போதே தெரிந்துவிடுகிறது. எப்படி என்று பசங்கள் கேட்டால், "தின்னாம உக்காந்திருக்கு, பாத்தா தெரியலியா?" என்கிறாள். அவள் பொறுப்பில் உள்ள தட்டுகள் சாவதில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் அந்தப் பிரிவுக்கே தங்கள் சோதனை முழுவதையும் கொடுத்துவிட்டன. மேலாளர் இப்போது அடிக்கடி அந்த மாடிக்கு வருகிறார். அங்கியை நேராக மாட்டிக்கொண்டு வருகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு வேலையை முடித்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போகக் கடைக்கு வந்தாள். கடையில் நல்ல கூட்டம். ஒரு வாடிக்கைக்காரப் பெண் கண் மையைக் கையில் வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரிதான். எந்த உயிர் மேலயும் போட்டுப் பாக்கலன்னா, இது என் கண்ணச் சுத்தித் தோல்ல எரியாதுன்னு எப்படி நம்புறது?"

மகள் வாசலில் நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தினாள்.

"அத நான் சொல்றதவிட எங்க அம்மா சொன்னா நல்லாருக்கும். இந்த மையப் போட்டுப் பாக்குற தோல அவங்கதான் வளக்குறாங்க."

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கடைக்காரம்மா ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். முயலம்மா உட்காரவில்லை. நடுக்கடையில் வந்து நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள்.

"இத்தனூண்டுதாங்க இருக்கும்" என்று ஆரம்பித்தாள்.